அலைக்குள் உலோகம் தேடுதல்: கருவி வாங்குமுன் சில எதிர்வாதங்கள்

இது நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்போர் பிறகு வாசிக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்திற்கு முன் வாசித்துவிட வேண்டுகிறேன்.

நம் கடற்கரைக் களப்பணிக் குழு, பொதுநிதியிலிருந்து நீருக்குள் இயங்கும் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்க முன்மொழிந்துள்ளது. எந்தக் கருவி ஏற்றது என்று என்னிடம் கேட்கப்பட்டது. "எதற்காக என்பதை முதலில் எழுதுங்கள், பிறகு எது என்று சொல்கிறேன்" என இரண்டு வரியில் விடையளித்தேன். சிலர் அதை எதிர்ப்பாகவும் சிலர் இசைவாகவும் எடுத்துக்கொண்டனர். இரண்டும் பாதியளவே உண்மை. ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

நான் பொறியாளர் அல்லேன்; மொழியியல் பயின்று, ஒடிசாவின் பூரி கடற்கரையில் வாழும் நோலியா மீனவர்களின் பேச்சுவழக்கை ஆராய்கிறேன். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அம்மக்கள் ஒடிய மொழிச் சூழலில் தலைமுறைகளாக வாழ்பவர்கள். குளிக்க வரும் யாத்ரிகர்களை அலையிலிருந்து காக்கும், வெள்ளைக் கூம்புத் தொப்பி அணிந்தவர்களும் அவர்களே. எனக்கும் உலோகங்காட்டிக்கும் உள்ள தொடர்பு ஆய்வினால் வந்ததன்று, ஒரு மோதிரத்தால் வந்தது.

அண்ணனும் அண்ணியும் பூரிக்கு வந்திருந்தபோது, மாலை வேளையில் முழங்காலளவு நீரில் நின்றிருந்த அண்ணியின் விரலிலிருந்து மோதிரம் நழுவிற்று. அவருடைய தாயார் கொடுத்த, 22 காரட் தங்கத்தாலான, எடை குறைந்த பழைய மோதிரம். கடல்நீரில் விரல் சுருங்கும் என்பதை நாமெல்லோரும் அறிவோம். அறிந்தும் மோதிரத்தோடு இறங்குவோம். மறுநாளே நண்பரொருவர் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து இரவல் பெற்ற கருவியோடு வந்து சேர்ந்தார். நீர்புகாக் கருவி என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தது. உலர்ந்த மணலில் அது நன்னடத்தையுடன் பணியாற்றிற்று. ஈர மணலை அடைந்ததும் இடைவிடாமல் அரற்றத் தொடங்கியது. உணர்திறனைக் குறைத்தோம், அமைதியாயிற்று. மோதிரத்தையும் கேளாத அளவுக்கு அமைதியாகிவிட்டது என்பது பின்னரே புரிந்தது. சோதனைக்காக அண்ணி தம் மற்றொரு மோதிரத்தை ஒரு சாண் ஆழத்தில் ஈரமணலில் புதைத்துக் காட்டினார். கருவி வாய் திறக்கவில்லை. புதைத்ததைக் கண்டெடுக்க எங்களுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

இங்கே சற்று நின்று காரணத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் விலைப்பட்டியல்களில் இது தெளிவாக இருப்பதில்லை. உலோகங்காட்டியின் சுருளில் செல்லும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது எழுப்பும் எதிர்ப்புலத்தை இன்னொரு சுருள் கேட்கிறது. கேட்ட ஒலி எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை வைத்து இரும்பா, ஈயமா, வெள்ளியா என ஊகிக்கிறது. உலோகத்தைத் தவிர வேறெதுவும் மின்சாரத்தைக் கடத்தாத இடத்தில் இதில் சிக்கலில்லை. ஆனால் கடல்நீர் நன்னீரைவிட நூறு மடங்குக்கும் மேலாக மின்சாரத்தைக் கடத்துவது. உப்பு ஊறிய மணல் முழுவதும் கருவிக்கு ஒரு பெரிய, மெல்லிய உலோகத் தகடு போலத் தோன்றுகிறது. இன்னும் கொடுமை யாதெனில், உப்பின் மறுமொழி விழும் இடமும் மெல்லிய தங்க நகையின் மறுமொழி விழும் இடமும் ஏறத்தாழ ஒன்றே. உப்பை விலக்கினால் தங்கமும் சேர்ந்து விலகும்.

இக்கருவியின் வரலாற்றில் புகழ்பெற்ற முதல் முயற்சியே இத்தகைய தோல்விதான் என்பது எனக்கு ஒரு சிறு ஆறுதல். 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு இருக்குமிடத்தைக் கண்டறிய அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தம் மின்தூண்டல் கருவியைக் கொண்டுசென்றார், குண்டு அகப்படவில்லை. கட்டிலின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்று சொல்லப்படுகிறது. கருவி பழுதற்றதாயிருந்தும் அது கிடந்த சூழல் அதை ஊமையாக்கிவிடும்.

ஆகவே கருவியைத் தேர்வோர் முதலில் பார்க்க வேண்டியது அது எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்பதை அன்று. எந்த முறையில் கேட்கிறது என்பதையே. ஒற்றை அலைவெண்ணில் இயங்கும் கருவிகள், எடுத்துக்காட்டாக 15 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் காரெட் ஏடி புரோ, 3 மீட்டர் வரை நீர் தாங்கும். ஏரியிலும் ஆற்றிலும் உலர் மணலிலும் நல்ல கருவி. உப்பு ஈரத்தில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. பல அலைவெண்களை ஒருசேரச் செலுத்தும் கருவிகள், அவ்வலைவெண்களின் மறுமொழிகளை ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கழித்துவிடுகின்றன. மைன்லேப் எக்ஸ்காலிபர் இரண்டு 17 அலைவெண்களில் இயங்கி 66 மீட்டர் ஆழம் வரை செல்வது. பழைய வடிவமெனினும் அலைக்குள் தேடுவோர் பலரும் கைவிடாதது. 2018இல் வந்த எக்வினாக்ஸ் 800 எடை குறைந்தது, ஆனால் 3 மீட்டருக்குத்தான் உறுதி. அடுத்து வந்த எக்வினாக்ஸ் 900 ஐந்து மீட்டர். நோக்டா லெஜண்டும் பல அலைவெண் வகையே.

மூன்றாவது வகை துடிப்புத் தூண்டல் முறை. காரெட் சீ ஹண்டர் மார்க் இரண்டு அவ்வகையினது, ஏறத்தாழ 65 மீட்டர் தாங்கும். இது ஓயாமல் பேசிக்கொண்டே கேட்பதில்லை. ஒரு துடிப்பைச் செலுத்தி, சில மைக்ரோநொடி வாய்மூடியிருந்து, பிறகு கேட்கிறது. உப்பின் எதிரொலி அதற்குள் அடங்கிவிடும், உலோகத்தினுடையது நீடிக்கும். கருமணல் மிகுந்த கரையிலும் இது தளராது. ஒடிசாவின் சத்ரபூர், கேரளத்தின் சவரா, நம் மணவாளக்குறிச்சி போன்ற, இல்மனைட் கலந்த மணற்கரைகளில் வேலை செய்வோர்க்கு இது சிறு செய்தியன்று. குறை என்னவெனில், துருப்பிடித்த ஆணிக்கும் தங்கத்துக்கும் இதன் செவியில் வேற்றுமை இல்லை. ஒலித்ததையெல்லாம் தோண்ட வேண்டும்.

பலர் இதைக் குறை என்றே எழுதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. பிரித்தறியும் திறன் என்று விற்கப்படுவது உண்மையில் கேளாமலிருக்கும் திறனே. மொழியியல் மாணவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. தமிழ்க் குழந்தை ஓராண்டு நிறையுமுன்பே தன் மொழிக்குத் தேவையற்ற ஒலிவேற்றுமைகளைக் கேளாதிருக்கப் பழகத் தொடங்குகிறது; பின்னர் ஒடியமோ இந்தியோ கற்கையில் மூச்சொலி உள்ள எழுத்தும் இல்லாத எழுத்தும் அதற்கு ஒன்றாகவே ஒலிக்கின்றன. காதில் ஒலி விழத்தான் செய்கிறது. அகத்திலுள்ள ஒலியன் பட்டியலில் அதற்கு இடமில்லை. உலோகங்காட்டியின் திரையில் வரும் எண்களும் அத்தகைய ஒரு பட்டியலே. அப்பட்டியலை வகுத்தவர்கள் அமெரிக்க, ஐரோப்பிய நாணயங்களையும் அவர்களுடைய மோதிரங்களையும் கொண்டு வகுத்தனர். அதை நம் கரைக்குக் கொண்டுவந்தால் என்னாகும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, வேறொரு நண்பர் வழியாகப் பல அலைவெண் கருவி ஒன்று கிடைத்தது. அதிகாலை வற்று நீரில் இறங்கினோம். இரும்பை விலக்கும் அமைப்பை, கையேட்டின் அறிவுரைப்படி, இயக்கத்தில் வைத்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் இரண்டே நாணயங்கள் கிடைத்தன. எங்களுக்குப் பின்னால், பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன், கயிற்றில் கட்டிய காந்தத்தை மணலில் இழுத்துக்கொண்டு வந்தான். நாங்கள் கடந்து சென்ற தடத்திலிருந்தே ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தான்.

விடை எளிது. 1992 முதல் நம் ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தால் ஈர்க்கப்படும் வகைத் துருப்பிடிக்காத எஃகால் அச்சிடப்படுகிறது. கருவிக்கு அது இரும்பு. அல்லது ஓரிடத்தில் நில்லாது தாவும் எண். கையேட்டின்படி அது குப்பை. சிறுவனுடைய காந்தத்திற்கு அதுவே காசு. அச்சிறுவனிடம் பன்னாட்டு நிறுவனத்தின் அட்டவணை இல்லை, தன் நாட்டு நாணயம் எதனாலானது என்ற அறிவு மட்டும் இருந்தது.

தங்கத்திலும் இவ்வாறே. மேலைநாட்டுக் கையேடுகள் 10, 14 காரட் மோதிரங்களை மனத்தில் வைத்து எண் சொல்கின்றன. கலப்பு கூடக் கூடத் தங்கத்தின் கடத்துதிறன் குறையும். நம் 22 காரட் மோதிரம் அதே பருமனில் இன்னும் மேலான எண்ணில் ஒலிக்கும். மறுபுறம், நம்மவர் மிகுதியாக இழப்பது சங்கிலி. சங்கிலியைக் கருவி முழுப்பொருளாகக் காண்பதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகக் காண்கிறது, பெரும்பாலும் காணாமலே போகிறது. ஐந்து சவரன் சங்கிலி ஒலிக்காத இடத்தில் மாத்திரை அட்டையின் அலுமினியத் துண்டு உரக்க ஒலிக்கும். தாலிச் சங்கிலியை இழந்த குடும்பத்திடம் "கருவி கொண்டு வருகிறோம்" என்று உறுதி கூறுமுன் இதை நினைவிற் கொள்ள வேண்டும். நான் அவ்வாறு உறுதி கூறிப் பின் வருந்தியவன்.

கருவியின் பிற உறுப்புகள் பற்றிச் சுருக்கமாக. சுருள் மட்டும் நீர்புகாததா, கட்டுப்பாட்டுப் பெட்டியும் நீர்புகாததா என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டறியுங்கள். பல கருவிகளில் முன்னது மட்டுமே. கம்பியில்லா ஹெட்போன் நீருக்குள் பயன்படாது, ஏனெனில் அவ்வலைகளைக் கடல்நீர் விழுங்கிவிடும். கம்பியுள்ள நீர்புகா ஹெட்போனைத் தனியே வாங்க நேரும், அதன் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பதினைந்து அங்குலச் சுருள் ஆழம் கேட்கும் என்பது சரியே, ஆனால் அலை அதைப் பாய்மரம்போல் இழுக்கும். பத்து, பதினோரு அங்குலம் போதும். சுருளைவிட அதிகமாக உங்கள் நாளைத் தீர்மானிப்பது நீண்ட கைப்பிடியுள்ள எஃகு அரிப்புக் கரண்டி. இடுப்பளவு நீரில் கையால் தோண்ட இயலாது. தோண்டிய குழி அடுத்த அலையில் மூடிவிடும். பணி முடிந்ததும் நன்னீரில் கழுவி, மின்கல மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, சிலிக்கோன் பசை தடவ வேண்டும். நம் ஆய்வுக்கூடங்களில் கருவிகள் பாழாவது பெரும்பாலும் பயன்பாட்டால் அன்று, பயன்படுத்திய மாலையில் கழுவாமையால்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். இளநிலை ஆய்வு உதவித்தொகை இன்று மாதம் 37,000 ரூபாய். உப்புநீரில் உண்மையாகவே பயன்படும் கருவி, இறக்குமதித் தீர்வையோடு சேர்ந்து, அதில் இரண்டு மாதத் தொகையை எளிதில் விழுங்கும்.

இனி, எங்கே தேடுவது என்பது. இதை நான் கற்றது கருவியிடமிருந்து அல்ல, எனக்குத் தகவலாளராக இருக்கும் ஒரு முதிய நோலியாவிடமிருந்து. ஆய்வேட்டில் அவர் வெறும் குறியெண். நேரில் அவரைத் 'தாத்தா' என்கிறேன், அவர் என்னைப் 'பாபூ' என்கிறார். மோதிரம் தொலைந்த செய்தியைக் கேட்டதும் அவர் மூன்று கேள்விகள் கேட்டார். எத்தனை மணிக்கு? கடலைப் பார்த்து நின்றார்களா, கரையைப் பார்த்தா? அலை அடித்தபோது விழுந்ததா, நீர் திரும்பி இழுத்தபோது விழுந்ததா? அண்ணிக்கு மூன்றாவதற்கு மட்டும் விடை தெரியவில்லை. தாத்தா சற்று நேரம் நீரைப் பார்த்துவிட்டு, நாங்கள் முதல்நாள் தேடிய இடத்திலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ முப்பது தப்படி தள்ளி, கரைக்கு இணையாக மணலில் ஒரு கோடு போட்டார். "எடையுள்ளது நின்ற இடத்தில் நிற்காது பாபூ, பள்ளத்துக்குப் போகும், பள்ளத்தில் நடக்கும்" என்றார்.

கடலியல் நூல்கள் சொல்வதும் இதுவே. கரைக்கு அருகே மணல் மேடும், அதற்கும் கரைக்கும் இடையே நீளவாட்டில் ஒரு பள்ளமும் அமைகின்றன. அலை கலக்கும்போது இலேசான மணல் மிதந்து நகர, எடையுள்ள பொருள் கீழிறங்கிக் கெட்டியான படுகையில் தங்கும். பருவமழைக் காலத்துப் பேரலைகள் கரையை அரித்து அப்படுகையை வெளிக்காட்டும். பனிக்காலத்து மெல்லலைகள் மீண்டும் மணலைக் கொண்டுவந்து மூடும். எனவே ஒரு பொருள் 'ஆழத்தில் கிடக்கிறது' என்பது நிலையான கூற்று அன்று. மணல் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்று மிகும். அந்நேரம் பள்ளத்தின் ஓரம் வரை நடந்தே செல்லலாம். சுருளை மணலுக்கு இணையாக, தூக்காமல், மெதுவாக, ஒரு வீச்சு மற்றொன்றின்மேல் பாதி படியுமாறு நகர்த்த வேண்டும். கரைக்குக் குறுக்கே நடப்பதைவிடப் பள்ளத்தின் போக்கில் நடப்பது பயன் தரும்.

தாத்தாவிடம் இந்நீரோட்டங்களுக்கும் மணலின் நிலைகளுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அவற்றை இங்கே தராமைக்கு மன்னிக்கவும், ஆய்வேடு முடியட்டும். ஆனால் ஒன்று சொல்வேன். நம் குழுவின் முன்மொழிவில் கருவிக்கு ஒரு தொகை, பயணத்துக்கு ஒரு தொகை உள்ளது. கரையை அறிந்தவருக்கான ஊதியம் என்று ஒரு வரிகூட இல்லை.

அன்று அப்பள்ளத்தில் எங்களுக்குக் கிடைத்தவை: பதினொரு ஈயக்குண்டுகள், பதினான்கு நாணயங்கள் (இரும்பு விலக்கை நிறுத்திய பிறகு), சோடா மூடிகள் எண்ணவில்லை, ஒரு வெள்ளி மெட்டி, பச்சையேறிய ஒரு பழைய செப்புக்காசு. மோதிரம் இல்லை.

ஈயக்குண்டுகள் வலைகளிலிருந்து அறுந்தவை. ஈயத்தின் எண் தங்கத்தின் எண்ணுக்கு அருகிலிருப்பதால் ஒவ்வொரு முறையும் எங்கள் நெஞ்சு படபடத்தது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம் அவற்றைக் கொடுத்தோம். எடை பார்த்துப் பையில் போட்டுக்கொண்டார். நாணயங்களைப் பற்றித் தாத்தா சொன்னதைத்தான் என்னால் எளிதில் கடக்க இயலவில்லை. காந்தச் சிறுவனைக் காட்டி, "நீங்கள் எடுத்தது அவனுடைய காலை நேரம், பாபூ" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அல்ல. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். பதினான்கையும் சிறுவனிடம் கொடுத்தோம். அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, எஃகல்லாத பழைய செப்பு நிக்கல் ரூபாய் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான், கடையில் வாங்கமாட்டார்களாம்.

நம் கூட்டத்தில் 'பொழுதுபோக்கு' என்றும் 'களப்பயிற்சி' என்றும் சொல்லப்படும் செயல், ஏற்கெனவே ஒருவருடைய பிழைப்பாக இருக்கும் இடத்தில் நிகழப்போகிறது. யாத்ரிகர் இழப்பதும் எறிவதும் கரையோரக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் சிறு வருவாய். அதன்மேல் நமக்குச் சட்டப்படி உரிமை உண்டா என்பதைப் பிறகு பார்ப்போம். அவர்களுடைய காந்தத்தையும் கால்விரலையும் வெல்லும் கருவியைப் பொதுநிதியில் வாங்குவது நமக்கு அழகா என்பதே என் முதல் கேள்வி. "அவர்களுக்கும் கற்பிப்போம்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். யார் யாருக்குக் கற்பிப்பது என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

சட்டத்துக்கு வருகிறேன். செப்புக்காசு அதற்கு வழிகோலிற்று. இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டினது. மண்ணில் மறைந்திருந்து கண்டெடுக்கப்பட்ட பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டவர் அதன் தன்மை, ஏறத்தாழ மதிப்பு, கண்ட இடம், நாள் ஆகியவற்றை எழுத்தில் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்றளவும் பத்து ரூபாயே. அறிவிக்கத் தவறினால் பங்கு பறிபோவதோடு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஆளும். அண்மையில் தொலைந்த மோதிரமோ வேறு கதை: அது புதையலன்று, பிறர் பொருள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, கண்டெடுத்தவரைப் பொருளைப் பாதுகாக்கும் பொறுப்பாளர் நிலையில் வைக்கிறது. உரியவரைத் தேடாமல் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவில் குற்றமாகலாம். "கடல் கொடுத்தது" என்ற வாதம் இவற்றில் எங்கும் எடுபடாது.

செப்புக்காசின் மதிப்பு பத்து ரூபாயா, பத்தாயிரமா என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததே எழுதிக் கொடுப்பதற்குப் போதிய காரணம். எழுதிக் கொடுத்தோம், ஒப்புகை பெற்றோம். ஆயினும் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: காசை எடுத்த கணத்தில் நண்பர் அதை மணலில் தேய்த்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்தார். பாதிப் பச்சையோடு பாதி எழுத்தும் போயிற்று. எந்தப் படுகையில், எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்ற குறிப்பும் இல்லை. அரிப்புக் கரண்டி எல்லாவற்றையும் கலக்கிவிட்டது. எழுத்துகளை வாசிப்பதே தொழிலாகக் கொண்ட நான் அருகிலேயே நின்றிருந்தேன்.

பூரி மாவட்டத்திலேயே, சிலிகா ஏரியை ஒட்டிய மாணிக்கபட்டணத்தில், அகழாய்வில் சீனப் பீங்கான் வரை வெளிப்பட்டுள்ளது. துவாரகையிலும் பூம்புகாரிலும் கடலடி ஆய்வு நிகழ்ந்துள்ளது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மாமல்லபுரக் கரை எதையெல்லாம் காட்டிற்று என்பதை நாம் அறிவோம். இத்தகைய கரைகளில் உலோகங்காட்டி நுழைவது, அடுக்குகளாக இருக்கும் ஒரு வரலாற்றிலிருந்து பளபளப்பானதை மட்டும் பிடுங்குவதாகும். பானையோடு தரும் சான்றையும் மணல் அடுக்கையும் அது கேளாது. ஒரு கல்வெட்டிலிருந்து பெயர்ச்சொற்களை மட்டும் செதுக்கி எடுத்துச் சென்றால் நாம் பொறுப்போமா? தொல்லியல் துறையின் உரிமமும் துறைசார் ஆய்வாளரின் தலைமையும் இல்லாமல் நம் குழு அவ்விடங்களில் கருவியை இயக்கவே கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு. "மேற்பரப்பில் மட்டும்" என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. ஒலி கேட்டபின் தோண்டாமல் திரும்பியவரை நான் இன்னும் கண்டதில்லை, நான் திரும்பவில்லை.

ஒடிசாக் கரைக்கே உரிய இன்னொன்று: ருசிகுல்யா, கஹிர்மாதா, தேவி ஆற்று முகம் ஆகிய இடங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. முட்டைக்குழி ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழம். நல்ல கருவி உலர் மணலில் கேட்டுத் தோண்டவைக்கும் ஆழமும் ஏறத்தாழ அதுவே. அவ்வாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. நம் களப்பயணம் பிப்ரவரியில் திட்டமிடப்பட்டிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பூரிக் கடலின் இழுப்போட்டம் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. ஹெட்போன் அணிந்தவருக்கு அலையின் ஓசை கேளாது, குனிந்து நிற்பவருக்கு அலை தெரியாது. இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், தனியாக வேண்டாம். கரையில் ஒருவர் ஹெட்போன் இல்லாமல் கடலை மட்டும் பார்த்து நிற்க வேண்டும்.

ஆக, வெள்ளிக்கிழமை என் வாக்கு எவ்வாறு இருக்கும்? 'கடலோரத் தொல்பொருள் தேடல்' என்ற தலைப்பில் வந்தால் எதிர்ப்பேன். 'தொலைந்த பொருள் மீட்பு' என்ற தலைப்பில், நான்கு நிபந்தனைகளோடு வந்தால் ஆதரிப்பேன். உரியவர் எழுத்தில் கேட்டால் மட்டுமே கருவி வெளியே செல்ல வேண்டும். கிடைத்த ஒவ்வொன்றும், சோடா மூடி உட்பட, நாள், நேரம், ஓதநிலை, இடம் ஆகியவற்றோடு பதிவேட்டில் ஏற வேண்டும். புழக்கத்திலுள்ள காசு கரையிலேயே, கரையோரச் சிறுவர்க்கு. நான்காவதாக, உள்ளூரைச் சேர்ந்த ஒருவர், ஊதியத்தோடு, ஒவ்வொரு முறையும் உடன் வர வேண்டும். எங்கே கோடு போடுவது என்பதை அவரே முடிவு செய்வார். இத்தலைப்பில் வாங்கினால் பல அலைவெண் வகையையே வாங்குங்கள். முதல் நாளே ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களையும், ஒரு 22 காரட் மோதிரத்தையும், ஒரு மெட்டியையும், ஓர் ஈயக்குண்டையும் நூலில் கட்டி ஈர மணலில் புதைத்து, எது எவ்வாறு ஒலிக்கிறது என்று நம் அட்டவணையை நாமே எழுத வேண்டும். அவ்வேலைக்கு நான் வருகிறேன்.

மெட்டி இன்னும் என்னிடமே உள்ளது. ஒற்றை, வலக்காலுக்கோ இடக்காலுக்கோ தெரியவில்லை, மேற்புறம் மீன் வடிவம். கடந்த ஓராண்டுக்குள் பூரியில் இழந்தவர் எவரேனும் உங்கள் சுற்றத்தில் இருந்தால், அதன் உட்புறத்தில் உள்ள அடையாளத்தைத் தனிச்செய்தியில் தெரிவிக்கச் சொல்லுங்கள்.